லாயத்துப் பஞ்சாயத்து

அன்புள்ள யாழினிக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கக் கடிதத்தில் குதிரையைப் பற்றி அரைப் பக்கம்தான். மீதியெல்லாம் யார் என்ன சொன்னார்கள், நீ என்ன திருப்பிக் கொடுத்தாய் என்பது. சவாரி மாஸ்டர் லாடமே கூடாது என்கிறார். லாடக்காரர், அடிக்காமல் விட்டால் குளம்பு போய்விடும் என்கிறார். லண்டனில் இருக்கும் உன் தோழியோ, மார்கழியில் போர்வை போடாதவளுக்குக் குதிரை எதற்கு என்று கேட்டிருக்கிறாள். நீயும் சளைக்காமல் மூன்று பேரோடும் மல்லுக்கட்டியிருக்கிறாய்.

அம்மிணி, குதிரைக்காரர்கள் அப்படித்தான். மாடு வைத்திருப்பவன் பக்கத்து வீட்டு மாட்டைப் பற்றி இவ்வளவு பேசமாட்டான். ஒருவர் சொல்வது சரியா தப்பா என்று முடிவு கட்டும் முன், அவருடைய குதிரை எந்த மண்ணில் நிற்கிறது, என்ன வேலை செய்கிறது என்று கேள். உன் தோழியின் குதிரைக்கு மயிரை ஒட்ட வெட்டி, குளிர்மழையில் வயலில் விட்டிருப்பார்கள். அதற்குப் போர்வை வேண்டும். பொள்ளாச்சியில் நிற்கும் உன் மார்வாரிக் குதிரைக்கு எதற்கு? நம் ஊரில் குதிரையை வதைப்பது சூடு. குளிர் தேசத்துக் குதிரைகளை இங்கே கொண்டுவந்தபோது சிலவற்றுக்கு வியர்வையே நின்றுபோனது. இது வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்த நோய். வியர்க்காத குதிரை வெயிலில் நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்தவர்கள் போர்வைப் பேச்சே எடுக்கமாட்டார்கள். நிழல் இருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

இந்தப் போர்வைச் சண்டையில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலையைச் செய்தவர்கள் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள். மனிதர்களிடம் கேட்பதை விட்டுவிட்டு 23 குதிரைகளிடம் கேட்டார்கள். படுக்கைக் கோடு போட்ட பலகையை மூக்கால் தொட்டால் போர்வை போட வேண்டும், நிமிர்ந்த கோட்டைத் தொட்டால் கழற்ற வேண்டும், வெறும் பலகை என்றால் இப்படியே இருக்கட்டும். தினமும் கொஞ்ச நேரம் பழக்கியதில் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டன. வெயில் நாளில் கழற்றச் சொல்லின, குளிரும் மழையும் அடித்த நாளில் போடச் சொல்லின. 2016-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. உன்னைப் பலகை செய்யச் சொல்லவில்லை. மழை நின்ற பிறகு காதுக்கு அடியில் கை வைத்துப் பார், உடம்பு நடுங்குகிறதா என்று பார். தோழிக்கு அதைப் பதிலாக எழுது.

லாடமும் அப்படியே. தினமும் தார் ரோட்டில் ஓட்டினால் குளம்பு வளர்வதைவிட வேகமாகத் தேயும். செம்மண் மைதானத்திலேயே சுற்றி வந்தால் லாடம் இல்லாமலும் காலம் தள்ளலாம். மாஸ்டர் மைதானத்துக்காரர், லாடக்காரர் பார்த்ததெல்லாம் வண்டிக் குதிரைகள். இருவரும் அவரவர் பார்த்ததைச் சொல்கிறார்கள். ஆனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவிச் சமன்படுத்த வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் தகராறு இல்லை. கடைசியாக எப்போது சீவியது என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே!

சொல்கிறவருக்கு அதில் என்ன லாபம் என்றும் பார். இது இன்று நேற்றுக் கதை இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் குதிரை வாங்கியும் வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். கூடவே இன்னொன்றும் சொன்னார். குதிரை விற்ற கடல் வணிகர்கள் லாடக்காரரையோ குதிரை வைத்தியம் தெரிந்தவரையோ இந்தப் பக்கம் வரவிடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும்! தீனி விஷயத்தில் சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்கள் என்கிறார் அவர். ஏறக்குறைய அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப், வறுத்த பார்லியும் வெண்ணெயிட்ட தானியமும் காய்ச்சிய பாலும் என்கிறார். அன்றைக்கே ஒத்துப்போகவில்லை. இன்றைக்கு டப்பா டப்பாவாகப் பொடி விற்பவர், உன் குதிரைக்கு எல்லாச் சத்தும் குறைவு என்று சொன்னால், முதலில் விலா எலும்பை உள்ளங்கையால் தடவிப் பார். கைக்குத் தட்டுப்பட்டு, கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் உடம்பு சரியாக இருக்கிறது. நல்ல புல் போட்டு, பொடிக்காசை மிச்சம் பிடி.

அந்தியூர்ச் சந்தையில் சுழி பார்த்து வேண்டாம் என்ற பெரியவரை நீ கேலி செய்தாயாமே, உன் அப்பா சொன்னான். சுழியில் எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் சுழிக்கு அடுத்து முழங்காலையும் பல்லையும் பார்த்தாரே, அதைக் கவனித்தாயா? ஒன்றை ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்காக மற்றதையும் தள்ளிவிட்டால் நஷ்டம் உனக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டு என்று சொல்லவில்லை. வலி என்று வந்துவிட்டால் 'அவரவர் முறை' என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. 2009-ல் டென்மார்க்கில் ஒரு போட்டியின் பயிற்சியில், கழுத்தை மார்போடு வளைத்துப் பிடித்த குதிரையின் நாக்கு நீலம் பாரித்துத் தொங்கியதை உலகமே காணொளியில் பார்த்தது. அதுவும் ஒரு பயிற்சி முறைதான் என்று வாதாடப் பெரிய பெரிய ஆட்கள் இருந்தார்கள். ஊர் சும்மா விடவில்லை. பலவந்தமாக அப்படி வளைப்பதை ஏற்க முடியாது என்று சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2010-ல் அறிவித்தது. உங்கள் லாயத்திலும் மூக்குப் பட்டையை இறுக்கிக் கட்டுபவர் இருப்பார். மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் நுழையவில்லை என்றால் போய்ச் சொல். நாலு பேர் முன்னால் வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல். அப்படியும் கேட்காவிட்டால் நாலு பேர் முன்னாலேயே சொல்.

இன்னொன்று, வயிற்றுவலி. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது மேலே திரும்பாது. தீனியைத் தொடாமல், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, முன்காலால் தரையைச் சுரண்டி, படுத்துப் புரண்டால் யாரிடமும் அபிப்பிராயம் கேட்காதே. ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எவராவது வாயைத் தூக்கிப் பிடித்து எண்ணெய் ஊற்ற வந்தால் தடுத்துவிடு, அது நுரையீரலுக்குப் போனால் குதிரை பிழைப்பது கஷ்டம். தீனியை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடு. சாணி கடைசியாக எப்போது போட்டது என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் சைஸைக் காலையில் அள்ளும்போதே பார்த்துச் சொல்லப் பழக்கு.

டாக்டர் நம்பரை லாயத்துச் சுவரில் பெரிதாகப் பெயிண்டில் எழுதச் சொல். தை பிறந்ததும் வருகிறேன். லாடக்காரரையும் அன்றைக்கு வரச்சொல்லி வை, நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்துவிட்டு அடிப்பதா வேண்டாமா என்று பேசிக்கொள்ளலாம். அப்பாவிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா