முட்டுக்கட்டையும் முட்டுக்காலும்

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

முன்னுரை

நல்ல காரியத்தைத் தடுப்பவனை "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று நாம் பழிக்கிறோம். ஆனால் தேரோடும் வீதியில் முட்டுக்கட்டை போடுபவர் இல்லையென்றால் தேரைத் திருப்பவும் இயலாது, நிறுத்தவும் இயலாது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்ட பின்னரும், கட்டை போடுவோர் சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்து செல்கின்றனர். பழிச்சொல்லாகிவிட்ட இப்பொருள் உண்மையில் உயிர்காக்கும் பொருளாகும்.

தேர் ஆண்டுக்கு ஒருமுறை ஓடுவது. நாள்தோறும் ஓடுவது டிராக்டர் டிரெய்லர். எங்கள் ஊரில் செங்கல், நெல் மூட்டை, கரும்பு, எரு எல்லாம் அதில்தான் போகின்றன. அவற்றை ஏற்றி இறக்கும் வேலைக்கு என் பெற்றோரும் செல்கின்றனர். ஆதலால், கழற்றிவிடப்பட்ட டிரெய்லர் ஏன் உருள்கிறது, ஏன் குடைசாய்கிறது என்பது எனக்குத் தேர்வுக்குரிய வினாவாக மட்டும் இருக்கவில்லை. முதலாம் ஆண்டில் நாம் படித்த சாய்தளமும் நெம்புகோலும் அதற்கு விடை தருகின்றன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டு ஆபத்துகள்

டிராக்டரிலிருந்து கழற்றப்பட்ட இருசக்கர டிரெய்லர் இரண்டு வகையில் அசையலாம். ஒன்று, சக்கரத்தின்மேல் உருளலாம். மற்றொன்று, அச்சையே ஆதாரமாகக் கொண்டு முன்னோ பின்னோ சாயலாம். உருள்வதைத் தடுப்பது சக்கரத்தடியில் வைக்கும் கட்டை. சாய்வதைத் தடுப்பது வண்டிச் சட்டத்தின் அடியில் கொடுக்கும் முட்டுக்கால். கட்டை முட்டுக்காலின் வேலையைச் செய்யாது. முட்டுக்கால் கட்டையின் வேலையைச் செய்யாது. ஒன்றை வைத்துவிட்டு மற்றொன்றும் ஆயிற்று என்று எண்ணுவதே ஆபத்தின் தொடக்கம்.

சமதரை என்னும் மயக்கம்

"இது சமதரைதானே, கட்டை எதற்கு?" என்று கேட்பதுண்டு. எங்கள் தெருவில் டிரெய்லர் நிற்கும் இடத்தை, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு அளந்து பார்த்தேன். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த அத்தரை 20 அடி நீளத்தில் 3 அங்குலம் தாழ்ந்திருந்தது. அதாவது 80-க்கு 1 என்னும் சரிவு. சுமையுடன் 4 டன் எடையுள்ள டிரெய்லரை அச்சரிவு கீழ்நோக்கி இழுக்கும் விசை 4000-ஐ 80-ஆல் வகுத்த 50 கிலோ எடையாகும்.

இவ்விசையை எதிர்த்து வண்டியை நிறுத்துவது டயரின் உருள் உராய்வு. தளர்ந்த மண்ணில் டயர் சற்றே புதைவதால் அத்தடை அதிகம். வண்டியின் எடையில் இருபதில் ஒரு பங்குக்கும் மேல் வரும். ஆனால் கடினமான சிமெண்டுத் தரையில், காற்று நன்றாக அடைத்த டயருக்கு அது எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். 4 டன்னுக்கு 40 கிலோதான். இழுப்பதோ 50 கிலோ! மண் தெருவில் ஆண்டுக்கணக்கில் கட்டையின்றி நின்ற வண்டி, அதே தெருவுக்குச் சிமெண்டு போட்ட பிறகு நிற்காமல் போவதற்கு இதுவே காரணம். தெரு மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

சிறு சரிவு எவ்வளவு பெரிய கேட்டைச் செய்யும் என்பதற்கு இருப்புப்பாதையில் சான்று உண்டு. 2013 ஜூலை 6-ஆம் நாள் அதிகாலை, கனடா நாட்டில் ஆளின்றி நிறுத்தப்பட்டிருந்த கச்சா எண்ணெய் ரயில் ஒன்று தானே உருண்டு, சுமார் 11 கி.மீ. தொலைவிலிருந்த லாக் மெகாண்டிக் என்னும் ஊருக்குள் கவிழ்ந்து தீப்பற்றியது. 47 பேர் மாண்டனர். போட்டிருந்த கை பிரேக்குகள் அந்த எடைக்குப் போதவில்லை. அப்பாதையின் சரிவு நூற்றுக்கு 1.2 மட்டுமே, அதாவது நான் அளந்த தெருவின் சரிவுதான். நம் நாட்டிலும் 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முப் பகுதியின் கதுவாவில் நின்ற சரக்கு ரயில், ஓட்டுநர் இல்லாமலே சுமார் 70 கி.மீ. உருண்டு பஞ்சாபில் நிறுத்தப்பட்டது. நல்வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. இரும்புச் சக்கரம் டயரைவிட எளிதாக உருளும் என்பது உண்மையே. ஆயினும் சிமெண்டுத் தெருவில் நிற்கும் டயரும் பெரிய காவல் அன்று.

கல் ஏன் தோற்கிறது?

80 செ.மீ. விட்டமுள்ள சக்கரம், 10 செ.மீ. உயரமுள்ள அசையாத தடை ஒன்றின்மேல் ஏற வேண்டுமானால், அச்சக்கரம் தாங்கும் எடையில் ஏறத்தாழ 88 விழுக்காடு அளவு கிடைவிசை தேவை. சரிவு தரும் விசையோ நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அப்படியானால் ஒரு கல்லே போதுமே என்று தோன்றும். போதாது, காரணங்கள் மூன்று.

முதலாவது, கல் அசையாத தடையன்று. உருண்டைக் கல் தானும் உருளும். செங்கல் நொறுங்கும். செங்குத்தான முகமுடைய கட்டையைச் சக்கரம் முன்னே தள்ளிக்கொண்டே போகும். சாய்வான முகமுடைய ஆப்புக் கட்டையாயின், சக்கரம் அதன்மேல் சாயும்போது அதைத் தரையோடு அழுத்துகிறது. அழுத்தம் கூடக்கூட உராய்வும் கூடும். வண்டியின் எடையே கட்டையைப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது, இடைவெளி. 20-க்கு 1 சரிவுள்ள கரையில் வண்டி ஒன்றரை மீட்டர் உருண்டால் ஏழரை செ.மீ. கீழே இறங்குகிறது. செங்கல்லின் உயரமும் ஏறத்தாழ அவ்வளவே. இழந்த நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறி நிற்பதால், அதே உயரத்தை மீண்டும் ஏற வண்டிக்கு வலிமை வந்துவிடுகிறது. உருள் உராய்விலும் மோதலிலும் வீணாவதைக் கழித்தால் இன்னும் சற்றுத் தூரம் வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு. எனவே கட்டை சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நிற்கும் வண்டியைத் தடுப்பது எளிது. ஓடும் வண்டியைத் தடுப்பது அரிது.

மூன்றாவது, ஒரு சக்கரத்துக்கு மட்டும் கட்டை வைத்தால், கழற்றிய வண்டி அச்சக்கரத்தை மையமாகக் கொண்டு சுழலக்கூடும். ஆதலால் இரு சக்கரங்களுக்கும், முன்னும் பின்னுமாக நான்கு கட்டைகள் வேண்டும். நான்கு சக்கர டிரெய்லரில் முன்னச்சு திரும்பும் தன்மையுடையது. ஆதலால் திரும்பாத பின்னச்சின் சக்கரங்களுக்கே கட்டை வைக்க வேண்டும்.

கட்டையின் உயரம் சக்கர விட்டத்தில் கால் பங்கு இருப்பது நல்ல அளவு. 20 செ.மீ. உயரமும் 30 செ.மீ. நீளமும் உள்ள வேல மரத்துண்டை மூலைக்கு மூலை அறுத்தால் இரண்டு கட்டைகள் கிடைக்கும். அடியில் பழைய டயர்த் துண்டை ஆணியடித்தால் சிமெண்டில் வழுக்காது. பக்கவாட்டில் ஒரு கயிறு கட்டிவிட்டால், எடுக்கும்போது சக்கரத்தடியில் கைவிட வேண்டியதில்லை.

நான்காவது ஆள்

இனிச் சாய்தலைக் காண்போம். வெற்று டிரெய்லரின் முன்கொக்கி 100 கிலோ எடையுடன் தாங்கியின்மேல் அமர்ந்திருக்கிறது எனக் கொள்வோம். அது அச்சிலிருந்து 8 அடி தூரம். முன்பக்கத் திருப்புத்திறன் 800. பின்பலகை அச்சிலிருந்து 5 அடி தூரம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் அங்கே ஏறினால் பின்பக்கத் திருப்புத்திறன் 250. மூவர் ஏறினால் 750, வண்டி நிற்கும். நான்காமவர் ஏறியதும் 1000 ஆகிவிடும். முன்கொக்கி மேலே எழும்பும். பின்பலகை தரையில் மோதும். மூவரைத் தாங்கியதால் நால்வரையும் தாங்கும் என்று நம்புவது எவ்வளவு பிழை! அந்நேரத்தில் கொக்கியின்மேல் குனிந்து நிற்பவர் கதி என்ன? சக்கரக் கட்டை நான்கும் ஒழுங்காக இருந்தாலும் இதைத் தடுக்க இயலாது.

சுமை இறக்குவதிலும் இதே கணக்குதான். முன்பகுதிச் செங்கல்லை முதலில் இறக்கினால் பின்பகுதி கனத்து வண்டி பின்னால் சாயும். பின்பகுதியை முதலில் இறக்கினால் முன் தாங்கியின்மேல் வரும் எடை கூடும். அத்தாங்கியின் அடித்தகடு 10 செ.மீ. சதுரமாகவும், அதன்மேல் வரும் எடை 500 கிலோவாகவும் இருந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம். நீர் பாய்ந்த வயலோரத்துக் களிமண் அதைத் தாங்காமல் உள்வாங்கும். அடியில் 30 செ.மீ. சதுரப் பலகை வைத்தால் பரப்பு ஒன்பது மடங்காகி, அழுத்தம் அரைக் கிலோவை ஒட்டி வந்துவிடும். ஆகவே இயன்றவரை டிராக்டரைக் கழற்றாமலே சுமை இறக்குவது சிறந்தது. கழற்றியே ஆகவேண்டுமானால், பின்மூலைகள் இரண்டிலும் முட்டுக்கால் கொடுத்து, பாரத்தை முன்னும் பின்னும் சமமாக இறக்க வேண்டும்.

அயல்நாட்டு வீட்டு வண்டிகள்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காரின் பின்னே இழுத்துச் செல்லும் வீட்டு டிரெய்லர்கள் உண்டு. படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும். உள்ளே மனிதர் நடமாடுவதால் வண்டி ஆடாமலிருக்க நான்கு மூலைகளிலும் திருகுக் கால்கள் இருக்கும். இக்கால்கள் ஆட்டத்தை அடக்குவதற்கே அன்றி வண்டியைத் தூக்குவதற்கு அல்ல என்பது அங்குள்ளோர் வலியுறுத்தும் விதி. மூலைக் காலால் வண்டியைத் தூக்கினால் சட்டம் வளையும். சக்கரத்தின் மேலுள்ள எடை குறையும். எடை குறைந்தால் கட்டையின் பிடியும் தளரும். அடுத்தடுத்துள்ள இரண்டு சக்கரங்களின் இடையே நெருக்கி வைக்கும் கட்டையும் அங்கு உண்டு. இரவுக் குளிரில் டயர் சுருங்க, அது தளர்வதால் காலையில் மீண்டும் இறுக்குவர். செங்கல் வண்டியாயினும் வீட்டு வண்டியாயினும் இயற்பியல் ஒன்றே.

செயல்முறை

நிறுத்தும்போது:
1. இயன்றவரை சமமான, உறுதியான தரையைத் தேர்ந்துகொள்க.
2. டிராக்டர் இணைந்திருக்கும்போதே கை பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தி, நான்கு கட்டைகளையும் சக்கரத்தைத் தொடுமாறு வைக்க.
3. பலகை போட்டு முன் தாங்கியை ஊன்றுக.
4. அதன் பிறகே கொக்கியின் முளையை உருவுக.
5. பின் முட்டுக்கால்களைச் சட்டத்தைத் தொடுமளவுக்கு மட்டும் இறுக்குக.

மீண்டும் இணைக்கும்போது:
1. முதலில் பின் முட்டுக்கால்களை எடுக்க.
2. டிராக்டர் பின்வாங்கும்போது இரண்டுக்கும் இடையே ஒருவரும் நிற்கலாகாது.
3. முளையைப் பூட்டிக் கொக்கியைச் சரிபார்த்த பிறகு முன் தாங்கியைத் தூக்குக.
4. கட்டைகளை எல்லாவற்றுக்கும் கடைசியில் எடுக்க.

கழற்றும்போது முதலில் கட்டை, பிறகு கொக்கி. பூட்டும்போது முதலில் கொக்கி, பிறகு கட்டை. எந்த நொடியிலும் இரண்டில் ஒன்றாவது வண்டியைப் பிடித்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

முடிவுரை

கொக்கி கழற்றிய டிரெய்லரின் நிழலில் பிள்ளைகள் விளையாடுவதையும், வேலை செய்து களைத்தோர் படுத்துறங்குவதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களுக்குச் சாய்தளத்தின் சூத்திரம் தெரியவேண்டிய தேவையில்லை. தெரிந்த நாம் சும்மாயிருப்பதுதான் தவறு. ஒரு மரத்துண்டு, ஒரு ரம்பம், ஒரு பழைய டயர், ஒரு முழம் கயிறு ஆகியவையே இதற்கு வேண்டிய பொருள்கள். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அடுத்த முகாமில் ஒரு பிற்பகலை ஒதுக்கினால், ஓர் ஊரின் டிரெய்லர்கள் அனைத்துக்கும் கட்டை செய்து கொடுத்துவிடலாம். பேராசிரியர்கள் இதற்கு வழிகாட்டுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இந்த ஒரு காரியத்திலாவது நாம் அனைவரும் முட்டுக்கட்டை போடுவோமாக!