முடி திருத்தும் மின்சார மிஷினும் அதன் மோட்டாரும்

எமது கல்லூரி விடுதிக்கு அணித்தே முடி திருத்தும் நிலையம் ஒன்று உளது. அதன் உரிமையாளருக்கு வாடிக்கைக்காரர் ஒருவர், அமெரிக்காவில் வாங்கிய மின்சார மிஷின் ஒன்றை அன்பளிப்பாக நல்கினார். அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ட்டு, நம் நாட்டினது 230 வோல்ட்டு ஆதலின், அழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றும் உடன் வந்தது. யாவும் முறைப்படி இணைத்தும், அம்மிஷின் கடகடவென இரைந்ததேயன்றி, மயிரை வெட்டாது பற்றி இழுத்தது. முதன்முதல் அதற்குத் தலை கொடுத்தவன் யானே. "என் கை தவறவில்லை, தம்பி, மிஷின் ஏதோ செய்கிறது" என்று அவர் நாணத்துடன் கூறினார். முப்பது ஆண்டுகள் கத்தரி பிடித்த கை தளர்ந்துவிட்டது என்று சிலர் பேசத் தொடங்கியது அவர் செவிக்கும் எட்டியிருந்தது. தமிழ் பயிலும் உனக்கு மோட்டாரோடு என்ன உறவு என நண்பர் நகைத்தனர். ஆயினும், நொந்த பிடரி என்னுடையதாகையால், காரணம் காணாது விட மனம் இசையவில்லை.

மிஷின் என நாம் வழங்கும் இக்கருவி, பல்வரிசை கொண்ட இரண்டு எஃகுத் தகடுகளால் ஆயது. கீழ்த்தகடு அசையாது நின்று மயிரைச் சீப்புப்போல் வகுக்கும். மேல்தகடு இடமும் வலமும் விரைந்து ஓடிக் கத்தரிபோல் அறுக்கும். கைமிஷினில் இவ்வோட்டத்தைத் தருவன நம் விரல்கள். மின்சாரத்தை இதற்குப் பயன்படுத்த முயன்ற முன்னோர் மோட்டாரைத் தனியே நிறுத்தி, வளையுந் தண்டு ஒன்றின் வழியாகச் சுழற்சியைக் கைக்குக் கொணர்ந்தனர். மோட்டாரைக் கையினுள்ளேயே அடக்கலாம் என்று கண்டவர் இல்லினாய் மாகாணத்து ஸ்டெர்லிங் நகரைச் சார்ந்த லியோ ஜே. வால் என்பவர். உடம்பைப் பிடித்துவிடும் அதிர்வுக் கருவி ஒன்றை முன்னர் அமைத்துப் பழகிய அவர், அவ்வதிர்வையே வெட்டுந் தகட்டுக்கு ஊட்டி, 1919ஆம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1921இல் அவர் பெயரால் கம்பெனியும் எழுந்தது. தெலீலாளின் மடியில் உறங்கிய சிம்சோனுக்கு இக்கருவி வாய்த்திருந்தால், அதன் இரைச்சலே அவனை எழுப்பிக் காத்திருக்கும்!

வாலின் மோட்டாரில் சுழல்வது ஒன்றுமில்லை. மெல்லிய எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவ்வடுக்கின்மீது செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பர். கட்டியான இரும்பாயின் அதனுள்ளே வீண் மின்னோட்டங்கள் சுழன்று அதனைச் சூடாக்கும். அது தவிர்த்தற்கே தகடுகளாகப் பிரித்தல். சுருளின் எதிரே, நூலிழை போன்ற சிறு இடைவெளி விட்டு, எஃகு வில்லால் தாங்கப்பெற்ற இரும்புக் கை ஒன்று நிற்கும். அக்கையின் நுனியே மேல்தகட்டை ஓட்டுவது. நம் வீடுகளுக்கு வரும் மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்று மாறிமாறிப் பாய்வது. ஓட்டம் திசை மாறுங்கால் காந்தத்தின் வடமுனை தென்முனையாகும். ஆயினும் இரும்பை வடமுனையும் இழுக்கும், தென்முனையும் இழுக்கும். ஆகவே ஒரு சுற்றுக்கு இழுப்பு இரண்டு. இழுப்பு ஓயும்போதெல்லாம் வில் கையை மீட்கும். நம் நாட்டில் வினாடிக்கு 100, நிமிஷத்துக்கு 6000 துடிப்புகள். அமெரிக்க மின்சாரம் 60 சுற்று உடையதாகையால் ஆங்கு நிமிஷத்துக்கு 7200. திசைமாறா மின்சாரத்தில் இக்கருவியை மாட்டினாலோ, இரும்புக் கை ஒரே இழுப்பாய்ச் சென்று அங்கேயே நின்றுவிடும்.

இனி, இவ்வமைப்பின் உயிர்நிலை எதுவெனக் காண்போம். இத்துணைச் சிறு சுருள் தலைமயிரை அறுக்கும் வலி பெற்றது எங்ஙனம்? ஊஞ்சல் தள்ளிய யாவரும் இதற்கு விடை அறிவர். ஊஞ்சல் தானாக ஆடும் காலத்தோடு ஒட்டித் தள்ளினால், குழந்தையின் கையும் பெரிய ஆளை உயர ஆட்டிவிடும். காலந்தவறித் தள்ளினால் மல்லனும் களைப்பான். சிலப்பதிகாரத்து ஊசல்வரியை மூன்று நாள் பாடங்கேட்ட எமக்கு இது தோன்றாமல், பௌதிக மாணவர் ஒருவர் சொல்லவேண்டியிருந்தது! வில்லும் இரும்புக் கையும் சேர்ந்து தமக்கென ஓர் இயல்பான அதிர்வெண் உடையன. வில்லின் விறைப்பு மிகுந்தால் அது ஏறும். கையின் எடை மிகுந்தால் இறங்கும். மின்சாரத்தின் இழுப்பு எண்ணோடு அவ்வியல்பெண் ஏறத்தாழ ஒத்திருக்குமாறு வில்லையும் கையையும் அளந்து அமைப்பதே இம்மோட்டாரைச் செய்வோரின் திறம்.

நண்பரின் மிஷினுக்கு நேர்ந்தது இப்போது விளங்கும். டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கியது; ஆனால் சுற்றுக்களின் எண்ணை மாற்றும் வன்மை அதற்கு இல்லை. வினாடிக்கு 120 இழுப்பை எதிர்நோக்கிய வில்லுக்கு 100 இழுப்பே கிடைத்தது. ஊஞ்சலைக் காலந்தவறித் தள்ளிய கதை இதுவே. துடிப்பின் அகலம் குறுகிற்று. பற்கள் ஒன்றையொன்று முழுதுங் கடவாமல் மயிரை இடையில் நெரித்து இழுத்தன. அதுவுமன்றி, அதே வோல்ட்டில் சுற்றுக் குறைந்தால் காந்தப் பாய்வு 20 விழுக்காடு மிகவேண்டும். அதற்கேற்ப மின்னோட்டமும் ஏறும். மிஷின் கையைச் சுட்டதற்கு ஏது இதுவாகும். அதிர்வெண், விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே இயல்பெண்ணை 120இலிருந்து 100க்கு இறக்க, வில்லின் விறைப்பில் ஏறக்குறைய 31 விழுக்காடு குறையவேண்டும். அன்றேல் அசையும் பாகத்தின் எடை 44 விழுக்காடு கூடவேண்டும். கடையில் வைத்துச் செய்யும் வேலையன்று இது.

இத்தொல்லை இல்லாத சுழல் மோட்டாரும் உண்டு. அதில் அச்சின் நடுவினின்று சற்றே விலகிய முளை ஒன்று சுழன்று, மேல்தகட்டை இருபுறமும் தள்ளும். எந்த மின்சாரத்துக்கும் பொருந்துமாறு அதனை அமைக்கலாம். மாற்றாகக் கார்பன் பிரஷ் தேயும், ஓடும் உறுப்புகளும் மிகும். இன்று பாட்டரியால் ஓடும் மிஷின்களிற் பல இவ்வகையினவே.

நண்பரிடம் இவற்றை யான் விளக்கியபோது, அவர் முதலிற் கேட்டது, "அப்படியானால் கை பழுதில்லை அல்லவா?" என்பதே. மிஷினின் பக்கத்தில் உள்ள சிறு திருகு, இரும்புக் கைக்கும் சுருளுக்கும் உள்ள இடைவெளியை மாற்றுவது. இரும்பும் இரும்பும் மோதிப் படபடவென ஒலிக்கும் வரை அதனைத் திருகி, அவ்வொலி அடங்கும் அளவே பின்வாங்குதல் முறை. என் செவிக்கு எட்டாத அவ்வெல்லையை அவர் செவி ஒரே நாளிற் கற்றது. வேற்றுமை முற்றும் நீங்கவில்லை யெனினும், சிறுவர்களின் மெல்லிய மயிரை மிஷின் இப்போது இழுப்பதில்லை. மாலையில் விளக்குகள் மங்கி வோல்ட்டு இறங்குங்கால், அவர் பேச்சை நிறுத்தாமலே திருகைக் கால் சுற்று திருப்புகிறார். என் பிடரியை மட்டும் இன்றும் கைமிஷினாலேயே திருத்துகிறார். அவ்வாறு செய்யுமாறு யான் கேட்டதில்லை.