கதிரவனும் உயிர்ச்சத்துகளும்

கஞ்சமலையை அடுத்துள்ள இளம்பிள்ளையில் வெயிலுக்குப் பஞ்சம் என்று எவரேனும் கூறின் கேட்போர் நகைப்பர். ஆயினும் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை கூரைக்குக் கீழே தறியோடு தறியாக இருப்பவரின் தோலுக்கு அவ்வெயில் எட்டுவதில்லை. பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தோய்த்த நாளிலும், வெயில் ஏறுமுன் அவ்வேலையை முடிப்பதே வழக்கமாக இருந்தது.

உயிர்ச்சத்துகள் எனப்படும் வைட்டமின்களுள் ‘டி’ தனித்தன்மை வாய்ந்தது. ஏனையவற்றை உணவில் தேடுகிறோம். இதனை உடலே ஆக்கிக்கொள்கிறது. கதிரவனின் புற ஊதாக் கதிர்களுள் ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுடையவை தோலிலுள்ள கொலஸ்டிரால் இனப்பொருள் ஒன்றை மாற்றி இச்சத்தைப் பிறப்பிக்கின்றன. கல்லீரலும் சிறுநீரகமும் அதனைச் செயல்படும் வடிவிற்குக் கொணர்கின்றன. அது குறையின் உண்ணும் சுண்ணாம்புச் சத்தைக் குடல் நன்கு ஏற்காது. குழந்தைக்குக் கால் வளையும், பெரியோர்க்கு எலும்பு நோகும். இவ்வினப் பொருள்களுக்கும் உயிர்ச்சத்துகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் விண்டவுஸ் 1928-இல் நோபல் பரிசு பெற்றார்.

இளவெயிலே எலும்புக்கு உறுதி என்பது நம் இல்லங்களில் வேரூன்றிய எண்ணம். அது இதமானது என்பதில் ஐயமில்லை. பயனோ மிகக் குறைவு. கதிரவன் தாழ்ந்திருக்கையில் ஒளி காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடக்கிறது. அந்நெடுவழியில் ஓசோன் இக்கதிர்களைப் பெரிதும் உறிஞ்சிவிடுகிறது. முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையுள்ள வெயிலே உகந்தது எனத் திருப்பதியில் நிகழ்ந்த ஆய்வு காட்டிற்று.

இதனை அறியக் கடிகாரமும் வேண்டுவதில்லை. நம் நிழல் நம் உயரத்தினும் குறுகியிருக்கும் பொழுதே பயனுள்ள பொழுது. நிழலை அளந்து நேரம் அறிவது நமக்குப் புதிதன்று. நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தை எட்டும்போது அஸர் தொடங்கும் என்பது ஷாஃபி வழியினர் கணக்கு. ஆகவே அஸருக்குச் சற்று முன்னரே எலும்புக்கான வெயில் முடிந்துவிடுகிறது. இளம்பிள்ளை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11.6 பாகையில் உள்ளது. எனவே டிசம்பரிலும் இங்கு நண்பகல் நிழல் ஆளுயரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தாண்டாது.

முகமும் முன்கைகளும் சிறிது நேரம் வெயில் காண்பது நலம். தோல் எரியுமளவு நிற்றல் தீது. சன்னல் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடும். பர்தா அணியும் பெண்டிர்க்கு வீட்டு முற்றமும் மதில் சூழ்ந்த மாடியும் உதவும். அவர்களைக் குறை கூறுவோர், நாள் முழுதும் அலுவலகத்தில் அடைபட்டிருக்கும் ஆடவரும் இக்குறைக்கு ஆளாவதை மறந்துவிடுகின்றனர்! பச்சிளங் குழந்தையை நண்பகல் வெயிலில் கிடத்தலாகாது. அதற்கு மருத்துவர் தரும் சொட்டு மருந்து உண்டு.

உடலுக்கு உதவும் வெயில் உணவிற்குப் பகையாவதும் உண்டு. பாலிலுள்ள ‘பி2’ என்னும் ரிபோஃபிளேவின் ஒளியில் சிதையும். கண்ணாடிப் புட்டியில் இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்த பால் அச்சத்தில் பாதிக்கு மேலும் இழக்கக்கூடும். பாலைத் தூக்குப்பாத்திரத்தில் மூடி வைத்த நம் பாட்டியர் காரணம் அறியாமலே அதனைக் காத்தனர். முருங்கைக் கீரையை வெயிலில் உலர்த்தின் ‘ஏ’ சத்துக்கு மூலமான கரோட்டினும் ‘சி’ சத்தும் பெரிதும் குன்றும். நிழலில் உலர்த்தின் கரோட்டின் இழப்பு குறையும். காளான் மட்டும் நம் தோலைப் போன்றது; நண்பகல் வெயிலில் சிறிது நேரம் பரப்பி வைத்தால் அதில் ‘டி’ சத்து மிகும்.