காளை வாங்குறது ஈஸி, தீனி போடுறது தான் கணக்கு: கேமிங் செலவுக்கு ஒரு வீட்டு பட்ஜெட்



கேமிங் பிசி, பிளேஸ்டேஷன், ஸ்ட்ரீமிங் செட்டப் பத்தி கேக்குறவங்க எல்லாருமே ஒரே கேள்வியைத் தான் கேக்குறாங்க. "சார், 40,000 சம்பளம் வாங்குறேன். 90,000 ரூபாய்க்கு ஒரு பிசி வாங்கலாமா?"

இந்தக் கேள்விக்கு ஆமா, இல்லைன்னு பதில் சொல்ல முடியாது. ஏன்னா 90,000-ங்கிறது அந்தப் பிசியோட விலை. அந்தப் பழக்கத்தோட விலை வேற. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது, வீட்டு பட்ஜெட்ல எங்க வைக்கிறது, எந்த இடத்துல வேண்டாம்னு சொல்றது, இந்த மூணையும் இன்னிக்குப் பாத்துடுவோம்.

மதுரைக்கு இது புதுசு இல்ல

"இவ்வளவு காஸ்ட்லியான ஹாபி நம்ம ஊருக்கு ஒத்து வராது"ன்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஆனா அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் பக்கம் போய்ப் பாருங்க. நடுத்தர வருமானம் இருக்கிற வீட்டுல கூட ஒரு ஜல்லிக்கட்டு காளை நிக்கும். உழவுக்கும் போகாது, வண்டியும் இழுக்காது. தை மாசம் வாடிவாசல்ல சில நொடி நின்னு விளையாடுறதுக்காக வருஷம் முழுக்க வளர்க்கிறாங்க.

அதுக்குப் பருத்திக்கொட்டை, தவிடு, புண்ணாக்கு, உளுந்தம் பொட்டு, வைக்கோல் எல்லாம் வேணும். நீச்சல், நடை, மண் குத்துற பயிற்சின்னு தினமும் ஒரு ஆள் நேரம் வேணும். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 250 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வைங்க. வருஷத்துக்கு 91,250 ரூபாய்.

பரிசு? சிறந்த காளைக்கு, சிறந்த வீரருக்குக் கார், டிராக்டர் எல்லாம் கொடுக்கிறாங்க. ஆனா நூத்துக்கணக்குல காளைங்க வர்ற இடத்துல அது ஒரு சிலருக்குத் தான். மத்தவங்களுக்குப் பீரோ, கட்டில், தங்கக் காசு, இல்ல வெறும் பேரு. பரிசை நம்பி கணக்குப் போட்டு யாரும் காளை வளர்க்கிறது இல்ல. இது செலவுன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சு தான் வளர்க்கிறாங்க.

2014 மே 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டுச்சு. 2015, 2016, 2017 மூணு பொங்கலும் வாடிவாசல் திறக்கல. 2017 ஜனவரி போராட்டத்துக்கு அப்புறம் அவசரச் சட்டம் வந்து, பிப்ரவரியில தான் அலங்காநல்லூர்ல மறுபடி காளை ஓடுச்சு. நடுவுல போட்டி இல்ல. ஆனா காளைக்குத் தினமும் பசிச்சுது. தாக்குப் பிடிச்ச வீடுகள் தீனி போட்டுக்கிட்டே இருந்தாங்க, முடியாதவங்க வித்தாங்க.

ஹாபி பட்ஜெட்ல முதல் பாடம் இது தான். வாங்குற அன்னிக்கு ஆகுற செலவு ஒரு நாள் செலவு. தீனிச் செலவு தான் நிஜ செலவு.

உங்க கேமிங்குக்கு என்ன தீனி?

பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுல 2021 பிப்ரவரியில வந்தப்போ டிஸ்க் மாடல் விலை 49,990 ரூபாய். அந்த நேரத்துல சோனியோட பெரிய கேம் ஒண்ணு 4,999 ரூபாய். அதாவது பத்து கேம் வாங்கினா இன்னொரு கன்சோல் வாங்கின காசு போயிருக்கும். கடையில விலை கேக்கும்போது யாரும் இதை யோசிக்கிறது இல்ல.

இப்போ 90,000 ரூபாய் பிசியை எடுத்துக்குவோம். கீழ இருக்கிறது எல்லாம் உதாரணக் கணக்கு. உங்க நம்பரை நீங்க போட்டுக்கோங்க.

- பிசி தேய்மானம்: 5 வருஷம் கழிச்சு 20,000-க்கு வித்தா, போன காசு 70,000. மாசத்துக்கு 1,167
- கேம்கள்: வருஷத்துக்கு 6, ஒண்ணு சராசரி 2,500. மாசத்துக்கு 1,250
- சந்தா: 600
- ரிப்பேர், யுபிஎஸ் பேட்டரி, ஹெட்செட்: வருஷத்துக்கு 6,000. மாசத்துக்கு 500
- கேமுக்குள்ள வாங்குற ஸ்கின், பாஸ்: 400
- கரண்ட்: 300
- வேகமான இன்டர்நெட் பிளானுக்குக் கூடுதலா: 300

மொத்தம் மாசம் 4,517 ரூபாய். அஞ்சு வருஷத்துக்கு சுமார் 2,71,000 ரூபாய். பொருள் 90,000, பழக்கம் 2.7 லட்சம்!

கரண்ட் பில் பத்தி ஒரு வார்த்தை. 400 வாட் இழுக்கிற பிசியும் மானிட்டரும் தினமும் 4 மணி நேரம் ஓடினா 1.6 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 96 யூனிட். நம்ம தமிழ்நாட்டுல ரெண்டு மாச பில்லுக்கு இலவசமா வர்ற யூனிட்டுல பெரிய பங்கைப் பிசியே சாப்பிட்டுடும். இது போக மதுரை வெயிலுக்கு அந்த ரூம்ல ஏசியும் ஓடும். 500 யூனிட்டைத் தாண்டினா அதுக்குக் கீழ இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்துக் கட்டணக் கணக்கு மாறிடும். அந்த பில்லை வீட்டுல யார் கட்டுறாங்க? அப்பா கட்டுறார்னா உங்க ஹாபிக்கு அவரும் தீனி போடுறார்னு அர்த்தம். அதை அவர்கிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க.

காளைக்குப் பசிக்கும், பிசிக்குப் பசிக்காது

காளை வளர்க்கிறவங்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கு. நாளைக்கே வேலை போச்சுன்னா சந்தாவை நிறுத்தலாம். புது கேம் வாங்காம இருக்கலாம். சுவிட்சை ஆஃப் பண்ணினா பிசி எதுவும் கேக்காது.

ஆனா நீங்க அதை இஎம்ஐல வாங்கியிருந்தா? பிசிக்குப் பசிக்காது, இஎம்ஐக்குப் பசிக்கும். நீங்க விளையாடினாலும் இல்லைன்னாலும் 5-ம் தேதி வந்து நிக்கும். நிறுத்தக்கூடிய ஒரு செலவை நிறுத்த முடியாத செலவா மாத்துறது இந்த இஎம்ஐ தான்.

"சார், நோ காஸ்ட் இஎம்ஐ தானே?"ன்னு கேப்பீங்க. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாது. ஜீரோ பர்சன்ட் ஸ்கீம்ல வட்டியை மறைக்கக் கூடாதுன்னு ஆர்பிஐ 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. அதனால இப்போ என்ன நடக்குது? வட்டி அளவுக்குக் கடைக்காரர் தள்ளுபடி கொடுக்கிறார், வங்கி வட்டி போடுது. ரெண்டும் சமமாகிடுது. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க தலையில விழும்.

90,000 ரூபாய், 12 மாசம், மாசம் 7,500. உள்ளுக்குள்ள வட்டி 15 சதவீதம்னா, வட்டித் தொகை சுமார் 6,900. அதுக்கு ஜிஎஸ்டி சுமார் 1,240. பிராசஸிங் ஃபீ தனி. முழுக் காசு கொடுத்தா கிடைக்கிற தள்ளுபடியும் போச்சு.

அதை விடப் பெரிய விஷயம் இருக்கு. முதல் வருஷம் இஎம்ஐ 7,500, கூடவே தீனி 3,350. மொத்தம் 10,850. 40,000 சம்பளத்துல 27 சதவீதம். இதுல ஒரு மாசம் தடுமாறி கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டினா, பல கார்டுல மாசத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல வட்டி. அந்த இடத்துல இருந்து தான் அம்மாவோட நகை அடகுக் கடைக்குப் போகுது.

பட்ஜெட்ல எங்க வைக்கிறது?

இலந்தைக்குளம் எல்காட் பார்க்ல வேலை, அப்பா அம்மா கூட வீட்டுல இருக்கார், கையில 40,000 வருதுன்னு வைங்க.

- வீட்டுக்குக் கொடுக்கிறது: 12,000
- கல்விக் கடன்: 5,000
- எமர்ஜென்சி ஃபண்ட், எஸ்ஐபி: 8,000
- டெர்ம், ஹெல்த் இன்சூரன்ஸ்: 1,500
- பெட்ரோல், பைக் சர்வீஸ்: 3,500
- போன், துணி, வெளிய சாப்பாடு: 3,000
- மொய், சீர், கோயில் வரி: 2,000

மொத்தம் 35,000. மொய்யை ஏன் தனியா எழுதினேன்னா, நம்ம ஊர்ல முகூர்த்த மாசத்துல ஒரே வாரத்துல நாலு பத்திரிகை வரும். அதை பட்ஜெட்ல எழுதாதவங்க ஹாபி காசுல இருந்து தான் எடுப்பாங்க, இல்ல கடன் வாங்குவாங்க.

மிச்சம் 5,000. இதுல 4,517 அடங்கும். 10,850 அடங்காது. அப்போ பதில் கிடைச்சிடுச்சு. இந்த ஹாபி உங்களுக்குக் கட்டுப்படி ஆகும், ஆனா இஎம்ஐல கட்டுப்படி ஆகாது.

என்ன செய்யலாம்?

ஒண்ணு, தீனி ஒத்திகை. தனியா ஒரு சேமிப்புக் கணக்கு, இல்ல ஆர்டி போடுங்க. மாசம் 5,000. 18 மாசத்துல 90,000. நடுவுல நாலு தடவை அந்தக் காசை எடுத்துட்டீங்கன்னா, பிசி வாங்கியிருந்தாலும் தீனி போட முடிஞ்சிருக்காதுன்னு இப்பவே தெரிஞ்சிடும். நஷ்டம் எதுவும் இல்ல.

ரெண்டு, வாங்கின அப்புறமும் அதே 5,000. அதுல 3,350 தீனிக்கு, மீதி 1,650 அடுத்த பிசிக்கு. 60 மாசத்துல 99,000 சேர்ந்துடும். வாழ்க்கையில மறுபடி இஎம்ஐ பக்கமே போக வேண்டாம்.

மூணு, கூட்டு. ஊர்ல கோயில் காளைன்னு ஒண்ணு இருக்கும். ஒருத்தர் வீட்டுச் செலவுல இல்ல, ஊர் சேர்ந்து பாத்துக்கும். அதே மாதிரி அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே கன்சோல் போதும். மாசத்துக்கு 20 மணி நேரம் தான் விளையாடுவீங்கன்னா, மணிக்கு 60 ரூபாய்னு கேமிங் கஃபேல விளையாடினா 1,200 தான் ஆகும். சொந்தமா வாங்குறதுக்கு முன்னாடி ஆறு மாசம் அப்படிப் போய்ப் பாருங்க.

வீட்டுல எப்படிப் பேசுறது?

பொய் விலை சொல்லாதீங்க. 90,000 பிசியை "ஆபீஸ்ல கொடுத்தாங்கம்மா"ன்னு சொன்னா, ஒரு நாள் டெலிவரி பில் அம்மா கையில கிடைக்கும். அதுக்கப்புறம் நீங்க வீட்டுக்குக் கொடுக்கிற 12,000-லயும் சந்தேகம் வரும்.

இப்படிப் பேசிப் பாருங்க: "அப்பா, மாசம் 5,000 ரூபாய் எனக்குன்னு எடுத்து வைக்கிறேன். வீட்டுக்குக் கொடுக்கிறதுல குறையாது. கரண்ட் பில் ஏறினா அந்த வித்தியாசத்தை நான் தர்றேன்." இதுக்கு எந்த அப்பாவும் அவ்வளவு சீக்கிரம் வேண்டாம்னு சொல்ல மாட்டார். "என்னமோப்பா, கடன் இல்லாம செய்"ன்னு தான் சொல்லுவார்.

இன்னொண்ணு. உங்களுக்கு ஒரு ஆசைக் கணக்கு இருந்தா, அம்மாவோட கோயில் டூருக்கும், தங்கச்சியோட டான்ஸ் கிளாஸுக்கும் பட்ஜெட்ல ஒரு வரி இருக்கணும். தொகை சமமா இருக்கணும்னு இல்ல, வரி இருக்கணும். சம்பாதிக்கிறவருக்கு மட்டும் ஆசை இருக்கிற வீட்டுல பட்ஜெட் ரொம்ப நாள் நிக்காது.

தாண்டக் கூடாத கோடு

விளையாடச் செலவு பண்றது ஹாபி. ஜெயிப்போம்னு பணம் கட்டி விளையாடுறது ஹாபி இல்ல. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் கொண்டு வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் இந்த ரெண்டையும் பிரிச்சிடுச்சு. இ-ஸ்போர்ட்ஸ் ஒரு பக்கம், பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்கள் இன்னொரு பக்கம். ரெண்டாவதுக்குத் தடை. அதனால "சின்னதா ஆடி கேமிங் செலவை எடுத்துடலாம்"னு யாராவது லிங்க் அனுப்பினா அங்கேயே நிறுத்திடுங்க. அந்தச் செலவுக்கு எந்த பட்ஜெட்லயும் வரி கிடையாது.

ஆட்டோபேயையும் செக் பண்ணுங்க. பொதுவா 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு மாசமும் ஓடிபி கேக்காமலே காசு போகலாம், 24 மணி நேரம் முன்னாடி ஒரு மெசேஜ் மட்டும் வரும். யுபிஐ ஆப்ல ஆட்டோபே பகுதியைத் திறந்து பாருங்க. விளையாடாத கேமோட சந்தா அங்க உட்கார்ந்திருக்கும். வீட்டுச் சின்னப் பசங்க கையில இருக்கிற போன்ல கார்டைச் சேமிச்சு வைக்காதீங்க.

இந்த வார வேலை

ஒரு பேப்பர் எடுங்க. கேமிங்கோ, பைக் ரைடோ, கேமராவோ, உங்க ஹாபி எதுவா இருந்தாலும் போன 12 மாசம் அதுக்குப் போன காசை பேங்க் ஸ்டேட்மென்ட்ல இருந்து எடுத்து எழுதுங்க. 12-ஆல வகுங்க. அது தான் உங்க தீனிச் செலவு. அந்த நம்பர் மாசாமாசம் மிஞ்சுற காசுக்குள்ள இருந்தா நிம்மதியா விளையாடுங்க, குற்ற உணர்ச்சியே வேண்டாம். மீறினா எதைக் குறைக்கணும்னு அந்தப் பேப்பரே சொல்லும்.

அடுத்த பதிவுல முதல் சம்பளத்துல இருந்தே எமர்ஜென்சி ஃபண்ட் சேர்க்கிறது எப்படின்னு பாக்கலாம்.