இருபதா, இருபத்தாறா? ட்ரயல்ஸ் சைக்கிள் வாங்குமுன்

கேள்வி

எனக்கு வயது 34. உயரம் 176 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. கிளாஸ்கோவில் வேலை. வார இறுதிகளில் மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். டேனி மெக்காஸ்கிலின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ட்ரயல்ஸ் மேல் ஆசை வந்துவிட்டது. ஒரு கிளப்புக்குப் போய்ப் பார்த்தேன். ஆளுக்கொரு விதமான சைக்கிள் வைத்திருக்கிறார்கள். அங்கே ஒருவர் தன்னுடைய பழைய 20 அங்குலப் போட்டி சைக்கிளை மலிவாகத் தருகிறேன் என்கிறார். அதில் சீட்டே இல்லை; பார்த்தால் சிறுவர் சைக்கிள் மாதிரி இருக்கிறது. கடைக்காரர் 24 வாங்கச் சொல்கிறார். கிளப்பில் நன்றாக ஓட்டுகிறவர்களில் பலர் 26 வைத்திருக்கிறார்கள். எனக்கு எது சரி? இன்னொன்று: ரிம்மைப் பிடிக்கும் அந்தப் பின் பிரேக் காதைத் துளைக்கிற மாதிரி அலறுகிறதே, டிஸ்க் பிரேக் வந்த பிறகும் அதை ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள்? வாங்கும்வரை என் மவுண்டன் பைக்கிலேயே பழகலாமா?

பதில்

எதன் மேல் ஏறப் போகிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. பாறையும் மரக்கட்டையுமா, ஊருக்குள் இருக்கிற சுவரும் படிக்கட்டுமா? மெக்காஸ்கில் பெயரைப் படித்ததும் ஊர்ச் சுவர் என்று நினைத்தேன். கிளப்பைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்தால் பாறை என்று தோன்றுகிறது. இந்த இரண்டுக்கும் சைக்கிளே வேறு. சக்கர அளவு அதற்குப் பின்னால் வருகிற கேள்வி.

ட்ரயல்ஸ் மோட்டார் சைக்கிளில் பிறந்த ஆட்டம். பாறை, ஓடை, சேறு எல்லாவற்றையும் கால் ஊன்றாமல் கடந்து போக வேண்டும். யார் முந்தி வந்தார் என்பதற்கு அங்கே மதிப்பில்லை. ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயல் 1909இல் தொடங்கியது. இப்போது மே மாதத்தில் ஃபோர்ட் வில்லியமைச் சுற்றி நடக்கிறது. உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், அவசியம் போங்கள். கட்டலோனியாவில் மோன்டேசா மோட்டார் சைக்கிள்களை ஓட்டிய பெரே பி, தன் மகன் ஓட் பிக்காக இந்த ஆட்டத்தை இன்ஜின் இல்லாத சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். மகன் உலக சாம்பியன் ஆனார். அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான் மான்டி என்ற சைக்கிள் பெயர். இன்றைய போட்டி சைக்கிளில் சீட் இல்லாததும், அடியில் கல்லில் உரசுவதற்கென்றே ஒரு தகடு இருப்பதும் இந்த வழியில் வந்தவை. ஓட்டுகிறவர் உட்காரவே போவதில்லை. பின்சக்கரத்தின் மேல் நின்று இடுப்பைப் பின்னால் தள்ளும்போது சீட் இருந்தால் தொடையில் இடிக்கும்.

மெக்காஸ்கில் வேறு கிளை. ஸ்கை தீவில் பிறந்தவர். எடின்பரோவில் சைக்கிள் கடையில் வேலை பார்த்துக்கொண்டே அந்த ஊரின் சுவர்களிலும் படிகளிலும் ஓட்டிப் பழகினார். 2009 ஏப்ரலில் வெளியான வீடியோவில் கூர்முனை வேலி ஒன்றின் மேல் சக்கரம் உருள ஓட்டிக்கொண்டு போவாரே, அந்த சைக்கிளில் 24 அங்குலச் சக்கரம், தாழ்ந்த ஒரு சின்ன சீட், பெடலின் அச்சும் அதிக உயரத்தில் இல்லை. ஓடி வந்து குதிப்பது, காற்றில் திரும்புவது, முன்சக்கரத்தைத் தூக்கி உருட்டிக்கொண்டே போவது, இவற்றுக்கென்று செய்த சைக்கிள் அது. அதை வைத்துக்கொண்டு ஈரப் பாறையில் நின்ற இடத்திலிருந்து இடுப்பளவு ஏறப் பார்த்தால் ஒவ்வொரு ஏற்றத்திலும் சைக்கிளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

போட்டிகளில் 20, 26 இரண்டுக்கும் தனித்தனி உலகப் பட்டம் இருக்கிறது. 20 அங்குலத்தில் ஸ்பெயினின் பெனிட்டோ ரோஸ் பல முறை உலக சாம்பியன். அவர் அந்தப் பட்டங்களை வாங்கியது வளர்ந்த ஆண்கள் பிரிவில். எனவே சிறுவர் சைக்கிள் என்ற தயக்கத்தை விட்டுவிடுங்கள். சக்கரம் சின்னதாக இருந்தாலும் வளர்ந்தவர்கள் ஓட்டும் 20 அங்குல சைக்கிளில் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே ஒரு மீட்டர் இருக்கும். 26இல் அது 1080, 1090 மில்லிமீட்டர் வரை போகும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் காலடியில் உணர்வது வேறு. 20 அங்குலம் லேசானது, முறுக்கிய திசைக்கெல்லாம் உடனே திரும்பும். பின்சக்கரத்தில் துள்ளப் பழகுவது அதில் சீக்கிரம் கைவரும். எந்தக் கல்லின் எந்த முனையில் சக்கரத்தை வைக்கிறோம் என்பதில் கொஞ்சம் பிசகினாலும் அது மன்னிக்காது. 26 அங்குலச் சக்கரம் பெரியது என்பதால் விளிம்பில் பட்டதும் தானே உருண்டு ஏறப் பார்க்கும். முன்சக்கரத்தைப் பாறையில் ஊன்றி உடலை மேலே இழுப்பதற்கும் அது வசதி. மவுண்டன் பைக்கிலிருந்து வருகிற, உங்கள் உயரமுள்ள ஒருவருக்கு, கிளப்போடு பாறைக்குப் போவதாக இருந்தால் நான் 26 வாங்கத்தான் சொல்வேன். ஊருக்குள் மட்டும் ஓட்டுவேன் என்றால் கடைக்காரர் சொல்வது சரி, 24.

இதோடு பெடல் அச்சின் உயரத்தையும் கேட்டு வாங்குங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. சாதாரண சைக்கிளில் அது சக்கர அச்சுகளைவிடத் தாழ்ந்திருக்கும். போட்டி ட்ரயல்ஸ் சைக்கிளில் அவற்றைவிட உயரமாக, சிலவற்றில் 3 சென்டிமீட்டர், சிலவற்றில் 8 வரைகூட, மேலே இருக்கும். உயரம் கூடக்கூட பின்சக்கரத்தின் மேல் ஏறி நிற்பது எளிதாகும், துள்ளல் சுறுசுறுப்பாகும். அதே அளவுக்கு சைக்கிள் பதற்றமாகவும் ஆகும். ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் பதில் சொல்லும். தொடங்குகிறவருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் போதும். பட்டம் வாங்கியவர் ஓட்டுகிற மாடல் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி மிக உயரமானதை வாங்கிவிட்டு, பின்சக்கரத்தில் நிற்கப் பழகாமலே சைக்கிளை விற்றுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வருத்தமான விஷயம். நல்ல ஆட்டம் ஒன்று அவர்கள் கையைவிட்டுப் போய்விட்டது.

இனி பணத்தை எதில் போடுவது என்பதற்கு வருகிறேன். ட்ரயல்ஸில் எல்லாம் இரண்டு கணங்களில் முடிகிறது: பின்சக்கரத்தை அசையாமல் பூட்டுவது, பூட்டைத் திறந்த அதே நொடியில் பெடலை உதைத்துக் கிளம்புவது. முதலாவதைச் செய்வது பின் பிரேக், இரண்டாவதைச் செய்வது ஃபிரீவீலும் செயினும். ஃபிரேம் நடுத்தரமாக இருந்தாலும் ஓட்டிவிடலாம். இவை மூன்றும் சுமாராக இருந்தால் உடம்பு தப்பான பழக்கங்களைக் கற்றுக்கொள்ளும். பிரேக் வழுக்கும் என்ற பயத்தில் எடையை முன்னால் சாய்த்து ஓட்டத் தொடங்கிவிட்டால் அதை மாற்ற வெகுகாலம் பிடிக்கும்.

அலறும் பிரேக்கைப் பற்றிக் கேட்டீர்கள். அது பெரும்பாலும் மகுரா ஹெச்.எஸ். 33 வகையாக இருக்கும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ரிம் பிரேக். ரிம்மின் பக்கச்சுவரை ஆங்கிள் கிரைண்டரால் குறுக்குக் குறுக்காகக் கீறி, அதன் மேல் கெட்டியான பிரேக் கட்டைகளை வைப்பார்கள். கீறலில் கட்டை கவ்வும்போது வருவதுதான் அந்த அலறல். டிஸ்க் பிரேக்கில் தகடு சக்கரத்தின் நடுவில் சின்ன வட்டமாக இருக்கிறது; அங்கே இருக்கிற ஒரு மயிரிழை ஆட்டம் டயரின் விளிம்புக்கு வரும்போது பெருகிவிடுகிறது. ரிம் பிரேக் விளிம்பிலேயே பிடிப்பதால் பூட்டினால் பூட்டியதுதான். கீறிய ரிம் மழையிலும் பிடிக்கும். ஸ்காட்லாந்தில் அது பெரிய விஷயம். குறையும் உண்டு. கீறல் மழுங்கும், மறுபடி கீற வேண்டும், ஒவ்வொரு முறையும் ரிம் மெலியும், ஒரு நாள் விரிசல் விடும். கீறாமல் வழவழப்பான ரிம்மில் துளி தார் தேய்த்து ஓட்டுகிறவர்களும் உண்டு. உலர்ந்த நாளில் அது அருமையாகப் பிடிக்கும், நனைந்தால் கைவிட்டுவிடும். போட்டி சைக்கிளுக்குப் பின்னால் கீறிய ரிம், முன்னால் டிஸ்க் என்பது என் தேர்வு. 24 அங்குலத் தெரு சைக்கிளுக்கு இரண்டும் டிஸ்க். ஓடும் வேகத்தில் மெதுவாக அளந்து பிடிக்க அதுதான் ஏற்றது.

எதுவானாலும் லீவரை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் பிடிக்க வேண்டும்; மற்ற விரல்கள் ஹேண்டில்பாருக்கு. லீவரைக் கொஞ்சம் உள்பக்கமாகத் தள்ளி மாட்டினால் அந்த விரல் லீவரின் நுனியில் படும். சாய்மானத்தைப் பின்சக்கரத்தில் நிற்கிற தோரணையில், இடுப்பு பின்னால் போய்க் கைகள் நீண்டிருக்கும்போது மணிக்கட்டு மடங்காத மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தரையில் சாதாரணமாக நின்று பார்த்து முடிவு செய்தால் தப்பாக வரும்.

ஃபிரீவீலுக்குக் கணக்கே சொல்லிவிடலாம். மலிவான ஃபிரீவீலில் ஒரு சுற்றுக்குப் பதினாறு இடங்களில்தான் கொக்கி விழும். அதாவது பெடலை உதைத்தால் 22 டிகிரி சும்மா போன பிறகே பிடிக்கலாம். 170 மில்லிமீட்டர் கிராங்கில் அது ஆறரை சென்டிமீட்டர் வெற்று உதை. 72 இடங்களில் பிடிக்கிற ஃபிரீவீலில் 5 டிகிரி, ஒன்றரை சென்டிமீட்டர். காற்றில் தொங்கும் அந்த அரை நொடியில் இந்த ஐந்து சென்டிமீட்டர்தான் ஏறினோமா விழுந்தோமா என்பதைத் தீர்மானிக்கிறது. 108 இடம் உள்ளவையும் கிடைக்கின்றன. தொடக்கத்தில் அவ்வளவு தேவையில்லை.

ட்ரயல்ஸ் சைக்கிளில் ஃபிரீவீல் பெரும்பாலும் முன்னால், கிராங்கிலேயே இருக்கும். பின்னால் 12 பல், 15 பல் என்று சின்னப் பல்சக்கரம் வைக்க அதுதான் வழி. இதனால் சக்கரம் சுற்றும்போதெல்லாம், நீங்கள் மிதிக்காவிட்டாலும், செயின் ஓடிக்கொண்டே இருக்கும். ஷூ நாடாவை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது செயின் பக்கம் விரலைக் கொண்டுபோக வேண்டாம்.

கியர் ஒன்றே ஒன்றுதான். 26இல் முன்னால் 18 பல், பின்னால் 15. 20இல் 18க்கு 12. இரண்டிலும் பெடல் ஒரு சுற்று வந்தால் சைக்கிள் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் போகும். நம் ஊர்ப் பெரிய சைக்கிளில் இதைப்போல் இரண்டு மடங்கு போகும். கால் சுற்று உதையிலேயே முழு எடையும் கிளம்ப வேண்டும் என்பதால் இந்தச் சின்ன கியர்.

இதை வைத்து உங்கள் மவுண்டன் பைக்குக்கும் பதில் சொல்லலாம். தாராளமாகப் பழகலாம். முன்னால் 32 பல் என்றால் பின்னால் 28 அல்லது 30 பல்லில் போட்டுவிட்டு மாற்றாமல் ஓட்டுங்கள். ஏறத்தாழ அதே இரண்டரை மீட்டர் வரும். சீட்டை முழுவதும் இறக்குங்கள். முன்னால் ஸ்பிரிங்கைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டுங்கள். முதல் பாடம் நின்ற இடத்தில் நிற்பது. பொங்கல் விளையாட்டில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் ஓட்டியிருந்தால் பாதி கிணறு தாண்டியாயிற்று. முன்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, கிராங்குகள் இரண்டும் கிடைமட்டமாக, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, பார்வை தூரத்தில். அதன்பின் இரண்டு சக்கரத்தோடும் பக்கவாட்டில் துள்ளுவது, நடைபாதை விளிம்பின் மேல் முன்சக்கரத்தை வைத்துப் பின்சக்கரத்தைக் கொண்டுவருவது. பின்சக்கரத்தில் மட்டும் நின்று உதைக்கும் பயிற்சியை அதில் அதிகம் செய்ய வேண்டாம். கியர் மாற்றும் செயின் மெல்லியது, அதற்காகச் செய்ததல்ல.

டயர் காற்றுக்கு எல்லோருக்கும் பொருந்துகிற எண் கிடையாது. 26 அங்குலம், உங்கள் எடை என்றால் பின்னால் 22 முதல் 25 பி.எஸ்.ஐ., முன்னால் அதைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்துத் தொடங்குங்கள். பாறை முனையில் இறங்கும்போது ரிம் கல்லில் தட்டும் சத்தம் கேட்டால் ஒன்றிரண்டு கூட்டுங்கள். டயர் பந்து மாதிரி எகிறினால் குறையுங்கள். ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. முழங்காலுக்குக் கீழே முன்எலும்புக் காப்பு கட்டாயம் வாங்குங்கள். பெடலின் ஊசிகள் முதலில் தேடி வருவது அங்கேதான்.

கடைசியாக, கிளப் நண்பரின் 20 அங்குலம். மலிவாக வருகிறது என்றால் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். துள்ளப் பழகுவதற்கு அதைவிட நல்ல சைக்கிள் கிடைக்காது, பிறகு 26க்கு மாறலாம். ஒரு மதியம் கேட்டு வாங்கி ஓட்டிப் பாருங்கள். குந்தி எழும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தால் இன்னும் நீளமான, உயரமான ஸ்டெம் போட முடியுமா என்று கேளுங்கள். பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலின் மேல் முழு எடையோடு மெதுவாக ஏறி நில்லுங்கள். சக்கரம் நகரக் கூடாது, ஃபிரீவீலில் டக்கென்ற சத்தம் வரக் கூடாது. செயினைக் கட்டாயம் மாற்றிவிடுங்கள். உதையின் நடுவே செயின் அறுந்தால் எடை முழுவதும் முன்னால் பாய்ந்து நெஞ்சு ஸ்டெம்மில் போய் மோதும். பல் உடைந்தவர்களும் உண்டு. பிறகு சைக்கிளைத் தலைகீழாக வைத்து, ஈரத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள்: ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடம், கிராங்கில் பெடல் மாட்டும் துளையைச் சுற்றி, பின் ரிம்மின் கீறிய பக்கச்சுவர். ஃபிரேமிலோ கிராங்கிலோ மயிரிழை விரிசல் தெரிந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். ரிம்மில் மட்டும் என்றால் புது ரிம், புதுச் செயின் இரண்டின் விலையையும் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.