திரை வழியே விருந்தினர்: ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

கணவாய் மீன் ஆராய்ச்சியாளர் சாரா மெக்கனல்டி 2017-இல் தொடங்கிய ‘ஸ்கைப் எ சயின்டிஸ்ட்’, அறிவியலாளர்களைக் காணொளி மூலம் வகுப்பறைகளோடு இலவசமாக இணைக்கிறது. இப்படி ஒருவரை அழைக்கும் முன் கவனிக்க வேண்டியவை:

* நேரம்: கோடையில் நியூயார்க்கில் காலை 9.30 என்றால் இந்தியாவில் இரவு 7 மணி. பள்ளி வேளையிலேயே பேச வேண்டுமானால் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போன்ற கிழக்கு நாடுகளிலிருந்து ஆள் தேடலாம்.

* கேள்விகள்: முந்தைய நாளே எழுதி வாங்கி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, வரிசை எண் கொடுங்கள். விண்வெளி நிலைய வீரர்களுடன் அமெச்சூர் வானொலியில் பேசும் பள்ளிகளுக்கு, நிலையம் தலைக்கு மேல் கடக்கும் சுமார் 10 நிமிடமே கிடைக்கும். அதனால் அங்கே ஒத்திகை கட்டாயம்.

* ஒலி: படம் மங்கினால் சமாளிக்கலாம், குரல் விட்டுவிட்டு வந்தால் பிள்ளைகள் பேச்சில் இறங்கிவிடுவார்கள். தனி ஸ்பீக்கர் வையுங்கள். கேள்வி கேட்பவர் மைக் அருகே வந்து பேசட்டும்.

* மாற்று ஏற்பாடு: இணையம் துண்டிக்கப்படலாம். பாடநூலின் கியூஆர் குறியீடு காட்டும் திக்‌ஷா தளக் காணொளியை முன்பே பதிவிறக்கி வையுங்கள்.

தொடக்க வகுப்புகளுக்கு அரை மணி நேரம் போதும்.