பழைய காரா, புதிய காரா? எரிபொருட் சிக்கனம் நாடுவோர்க்கு ஒரு வழிகாட்டி

படிப்பை முடித்து முதல் உத்தியோகத்தில் அமர்ந்த பிள்ளைகள், சம்பளம் கைக்கு வந்து ஓராண்டு நிறைவதற்குள் கார் வாங்க முற்படுவது டி. கல்லுப்பட்டி, பேரையூர், திருமங்கலம் வட்டாரத்தில் இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. பாலிடெக்னிக்கில் மோட்டார் வாகனப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் அவர்களில் பலர் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். கூடப் படித்தவன் வாங்கினான் என்பதற்காகவோ, "நம்ம வாசல்ல நின்னா நாலு பேரு திரும்பிப் பார்க்கணும்டா" என்று தகப்பனார் சொல்லிவிட்டார் என்பதற்காகவோ ஒரு வண்டியை மனத்தில் வரித்துக்கொண்டு, அதற்கு என் வாயால் சம்மதம் பெறவே பெரும்பாலோர் வருகிறார்கள். "சார், மைலேஜ் என்ன குடுக்கும்?" என்று கேட்கிறார்களே தவிர, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடப்போகிறோம் என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டவர் அபூர்வம். இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காணாதவரை முதற்கேள்விக்கு என்ன விடை சொன்னாலும் அது பயன்படாது.

எதிரிலுள்ள வழிகள் நான்கு: கார்புரேட்டர் காலத்துப் பழைய வண்டி, 2000-க்குப் பின் வந்த எம்.பி.எஃப்.ஐ. வகைச் சிறிய பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்ட் டீசல் கார், ஷோரூமிலிருந்து வரும் புத்தம்புதிய பெட்ரோல் கார். கணக்குக்காக மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டமென்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். கல்லுப்பட்டியிலிருந்து வாரத்தில் சில நாள் திருமங்கலத்துக்கும், விசேஷங்களுக்கு மதுரைக்கும் ராஜபாளையத்துக்கும் போய்வரும் குடும்பத்துக்கு இந்த ஓட்டம் ஏறக்குறையப் பொருந்தும்.

முதல் வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1957 முதல் 2014 வரை உத்தரபாராவில் உற்பத்தியான அம்பாசடரும், பியட்டின் வழிவந்த பிரீமியர் பத்மினியும், நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஒரு தலைமுறையைச் சுமந்த உத்தம வாகனங்கள். ஆனால் அவற்றின் தாகம் பெரிது. அக்காலத்துப் பெட்ரோலின் ஆக்டேன் தரம் தாழ்ந்திருந்தமையால் எஞ்சினின் அமுக்க விகிதத்தை ஏழெட்டுக்கு மேல் உயர்த்த முடியவில்லை. இன்றைய எஞ்சின்களில் அது பதினொன்றைத் தாண்டுகிறது. கார்புரேட்டரோ, காற்றின் வெப்பமும் எஞ்சினின் சுமையும் மாறிக்கொண்டேயிருக்க, எரிபொருளைக் குத்துமதிப்பாகவே அளந்து கொடுக்கும். நல்ல டியூனிங்கில் இருக்கும் அம்பாசடர் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓடினால் அதுவே திருப்திக்குரியது. நம் கணக்குப்படி மாதம் 8,900 ரூபாய். பதினைந்து ஆண்டு கடந்த காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்ததையும் சேர்த்துக்கொண்டால், அன்றாட உபயோகத்துக்கு அவ்வண்டி ஏற்றதல்ல என்பது விளங்கும்.

இரண்டாவது வகையின்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, 796 சி.சி. கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சினோடும் 650 கிலோவுக்கு உட்பட்ட எடையோடும், சிக்கனத்தின் முதல் இரகசியம் எடைக் குறைவே என்பதை நம்மவர்க்குப் பிரத்தியட்சமாகக் காட்டியது. பின்னர் 2000-ஆம் ஆண்டில் மாசுக்கட்டுப்பாட்டு விதிகளும் ஈயமில்லாப் பெட்ரோலும் ஒருசேர வந்தபோது, கார்புரேட்டர் ஒழிந்து, புகைபோக்கியிலுள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதற்கேற்ப ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் விகிதத்தை நொடிக்குநொடி திருத்திக்கொள்ளும் எம்.பி.எஃப்.ஐ. முறை சிறிய கார்களிலும் பரவியது. எரிபொருட் சிக்கனத்தில் பெரிய பாய்ச்சல் நிகழ்ந்தது இந்தக் கட்டத்தில்தான். அதற்குப் பிந்தைய முன்னேற்றங்கள் மெய்யானவையே எனினும் சிறுகச்சிறுக வந்தவை. ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட இத்தகைய கார் நம் சாலையில் 16 கிலோமீட்டர் கொடுக்கும். மாதச் செலவு 5,000 ரூபாய்.

நான்காவது வகையான புதிய கார் லிட்டருக்கு 20 கொடுக்கிறது. செலவு 4,000 ரூபாய். மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பது உண்மையே. ஆனால் ஒன்றரை லட்சம் பெறும் பழைய சிறிய காரை விட்டு ஏழு லட்சத்தில் புதியதை வாங்குவோன், அதிகப்படியாகக் கொடுத்த ஐந்தரை லட்சத்தை எரிபொருள் மிச்சத்தால் மட்டுமே மீட்க நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஏர்பேக், ஏ.பி.எஸ். முதலிய பாதுகாப்புச் சாதனங்களுக்காகவும் வாரண்டியின் நிம்மதிக்காகவும் புதிய கார் வாங்குவது நியாயமான காரணம். வசதியுள்ளவர் அவ்வாறே செய்க. மைலேஜுக்காக வாங்குகிறேன் என்று சொல்லித் தவணையில் விழுவதுதான் தவறு. மேலும், விளம்பரத்தில் காணும் எண், வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி, உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாத ஒரு நிர்ணயமான கதியில் ஓட்டிக் கண்டது. வண்டிக்கு வண்டி ஒப்பிட அது உதவும். சித்திரை வெயிலில் ஏ.சி.யோடு பெரியார் பஸ் நிலையத்து நெரிசலில் ஊர்ந்து செல்வோர்க்கு அந்த எண் கிட்டாது.

இனி, நம் பிள்ளைகளை மிகுதியாக மயக்கும் மூன்றாவது வழியைப் பற்றிச் சற்று விரிவாகவே எச்சரிக்க வேண்டும். "டீசல் வண்டிய எடுத்துப் போடு, கண்ண மூடிக்கிட்டு இருபது குடுக்கும்" என்பது நம் ஊர்ப் பெரியவர்களின் வாக்கு. அவர்கள் அதைச் சொல்லிப் பழகிய காலத்தில் அது பொய்யல்ல. 2012-ல் டெல்லியில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல்கூட வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைமீதிருந்த அரசின் கட்டுப்பாடு நீங்கியபின் அந்த இடைவெளி சுருங்கி, இன்று நம் பக்கம் எட்டு, ஒன்பது ரூபாயளவில் நிற்கிறது. பி.எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது, நாட்டிலேயே அதிகக் கார் விற்கும் மாருதி நிறுவனம் டீசல் எஞ்சினையே கைவிட்டது. விலை மாறிற்று, விதி மாறிற்று. வாக்கு மட்டும் மாறாமல் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டிருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 800 கிலோமீட்டருக்கு 40 லிட்டர் டீசல், 3,680 ரூபாய். பழைய சிறிய பெட்ரோல் காரைவிட மாதம் 1,320 ரூபாய் மிச்சம். அத்தகைய டீசல் காருக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்தால் அதை மீட்கவே ஆறு ஆண்டுக்கு மேலாகும். அதற்குள் என்னென்ன நேரும் என்பதை ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பவன் அறிவான். இன்றைய டீசல் எஞ்சின் டிராக்டர் எஞ்சினைப்போல் எதையும் தாங்குவது அன்று. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள், சிவக்கச் சூடேறிச் சுழலும் டர்போ, கரி படியும் இ.ஜி.ஆர். வால்வு ஆகியவற்றில் எது பழுதுபட்டாலும் ஓராண்டின் மிச்சமெல்லாம் ஒரே பில்லில் போய்விடும். பி.எஸ். 6 டீசலிலோ, புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நெடும்பயணத்தின் நீடித்த வெப்பம் வேண்டும். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மாலையில் கடைத்தெருவுக்குப் போய்வரும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

இதிலும் அபாயமானது வெளிமாநில டீசல் கார். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடலாகாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. அங்கே காலம் முடியும் தறுவாயிலுள்ள வண்டிகளைக் குறைந்த விலை காட்டிப் புரோக்கர்கள் தெற்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) வாங்கி, இங்கே ஆயுட்கால வரி கட்டி, புதிய எண் பெறும்போது அந்த மலிவு மறைந்துவிடுகிறது; மீட்டர் காட்டும் கிலோமீட்டர் மெய்யா என்பதற்கோ உத்தரவாதமே இல்லை. மீட்டரை நம்பாமல், பழைய சர்வீஸ் பதிவுகளைப் பாருங்கள். பெடலும் ஸ்டியரிங்கும் சீட்டும் தேய்ந்திருக்கும் தேய்வைப் பாருங்கள். மாதம் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும் டாக்சிக்காரருக்கும், ராஜபாளையம் சாலையில் நாள்தோறும் சரக்கு ஏற்றிச் செல்பவருக்கும் டீசல் தகும். அவர்களுக்கு மிச்சம் மாதம் ஐயாயிரத்தை நெருங்கும். முதற்சம்பளக்காரனுக்கு அது தகாது.

பெட்ரோல் பக்கத்திலும் அறியவேண்டியது ஒன்றுண்டு. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் வெப்பசக்தி பெட்ரோலினுடையதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே கலப்பில்லாப் பெட்ரோலுக்கென்று வடிவமைத்துப் பத்து சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே கூறுகிறது. பழைய காரை வாங்குவோர் எரிபொருள் ஹோஸ்களையும் ரப்பர் பாகங்களையும் சோதித்து மாற்றிக்கொள்வது உத்தமம்.

எந்த வண்டியானாலும் அதன் உண்மையான மைலேஜை அறிய டேங்கை நிறைத்து, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதே பங்கில் மீண்டும் நிறைத்து வகுத்துப் பாருங்கள். எண்ணெய் மிஞ்சுவது பாதி எஞ்சினாலும் பாதி ஓட்டுபவனின் வலது காலாலும்தான். மணிக்கு 70 கிலோமீட்டரில் எதிர்க்கும் காற்று, 100-ல் இருமடங்காக எதிர்க்கிறது. டயரில் காற்றுக் குறையாமலும், முன்னே போகும் வண்டியைக் கவனித்து முன்கூட்டியே ஆக்சிலேட்டரை விடுத்தும், நிதானமாகக் கியர் மாற்றியும் ஓட்டுகிறவன், பழைய வண்டியிலும் புதிய வண்டிக்காரனை நெருங்கிவிடுவான். பதற்றக்காரன் கையில் எந்த நவீன எஞ்சினும் தோற்கும்.

இந்தச் சிக்கனம் பணத்துக்காக மட்டும் அன்று. நம் கல்லுப்பட்டிக் காந்திநிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து 1960-ல் மறைந்த காந்தியப் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா, காந்தியடிகள் 1945-ல் முன்னுரை வழங்கிய தமது நூலில், நிலக்கரி, பெட்ரோலியம் போன்று எடுக்கவெடுக்கக் குறையும் சேமிப்புச் செல்வத்தையும், மரம்போல் வளர்ந்துகொண்டேயிருக்கும் ஓட்டச் செல்வத்தையும் பிரித்துக் காட்டினார். குறையும் பொருளைக் கையாள்கிறவனுக்கு அளவறிதல் தர்மம் என்று நான் அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன். வாங்காமலிருக்கும் ஆண்டுகளையும் சிக்கனத்தில் சேர்த்தே எண்ண வேண்டும் என்பேன்.

கார் விஷயத்தில் காணும் இதே அவசரத்தைப் பாடப்பிரிவு தேர்வதிலும், தொழில் தேர்வதிலும் ஆண்டுதோறும் காண்கிறேன். ஊர் போகிற திசையை மட்டும் பார்த்து, தன் சுபாவத்தையும் திறனையும் தேவையையும் பாராதவன், பிறர்க்குப் பொருந்திய ஒன்றைத் தன் பணத்தால் வாங்கிக்கொள்கிறான். பெற்றோர்களே, பிள்ளை பஸ்ஸிலோ பைக்கிலோ இன்னும் ஓராண்டு போய்வந்தால் குடும்ப கௌரவம் குறைந்துவிடாது. அந்த ஓராண்டில் அவன் தன் பிரயாணங்களை ஒரு நோட்டில் எழுதட்டும். பிள்ளைகளே, அந்த நோட்டைக் கூட்டிப் பார்த்து, ஓட்டம் குறைவாயின் இலேசான சிறு பெட்ரோல் காரை, தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்று சோதித்து வாங்குங்கள். ஓட்டம் மிகுதியாயின் கணக்கு எதைச் சொல்கிறதோ அதை வாங்குங்கள். பொறுத்திருந்து தன் அளவறிந்து தேர்ந்தவன், எண்ணெய் விலை ஏறும் நாளிலும் கலங்கமாட்டான்.